உறுதிப் பையும் இரண்டு மாரிகளும்

என் மகளின் இரண்டு மாரிகளை நான் அழித்தேன். கை தவறி அல்ல. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கதிரையை இழுத்து வைத்து உட்கார்ந்து, திரையில் எழுதியிருந்ததை வாசித்து முடித்துவிட்டுத்தான் அழித்தேன். ஊரில் கேட்பவர்களுக்கு இவ்வளவு காலமும் "கொம்பியூட்டர் பழுதாப் போச்சுது" என்று சொல்லி வந்திருக்கிறேன். கணினி பழுதாகவில்லை. நான் சொன்னதைச் சொன்னபடியே செய்தது. அந்தப் பொய்யை இன்னொரு முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்தவன். ஓய்வு பெற்றபின், எங்கள் காணி இராணுவத்திடமிருந்து விடுபட்டதும், தெல்லிப்பழைக்கு அருகே பழைய வளவில் ஒரு சிறிய வீடு கட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். மனைவி அதைப் பார்க்க இருக்கவில்லை. மகன் கனடாவில். மகளும் நானும்தான் வீட்டில். அவள் உடுப்பிட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் ஆசிரியை. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு கலாநிதிப் பட்ட ஆய்வுக்குப் பதிந்தாள். என்னைப் பார்த்துக்கொள்வதற்காகவே அதை இவ்வளவு காலம் தள்ளிப் போட்டிருந்தாள். அவள் அப்படிச் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

அவளுடைய ஆய்வு கிணறுகளைப் பற்றியது. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. மாரிக்காலத்தில் பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. அந்த மெல்லிய நல்ல தண்ணீரைத்தான் குடிக்கிறோம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அதைத்தான் இறைக்கிறோம். அளவுக்கு மேல் இறைத்தால் உவர் மேலே வரும். ஒரு மாரி உவரை எவ்வளவு தூரம் கீழே தள்ளுகிறது, கோடையில் அது எவ்வளவு வேகமாகத் திரும்பி ஏறுகிறது என்பதை அவள் அளந்தாள். தெல்லிப்பழையிலிருந்து காங்கேசன்துறை வரை, ஆள் இல்லாமல் பற்றைக்குள் பல வருடங்கள் கிடந்து, சனம் திரும்பி வந்தபின் மறுபடியும் மோட்டர் பூட்டிய கிணறுகளாகப் பார்த்துத் தெரிவு செய்தாள். ஒரு கிணறு அவ்வளவு காலம் ஓய்ந்து கிடந்துவிட்டு முதன்முதலில் இறைக்கப்படும் வருடங்கள் ஒரு தடவைதான் வரும். அதுதான் அவளுடைய ஆய்வின் பெறுமதி. அதைத்தான் நான் அழித்தேன்.

வார இறுதிகளில் ஸ்கூட்டியில் போவாள். உப்பை அளக்கும் சிறு கருவியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவாள். காங்கேசன்துறைப் பக்கம் வெங்காயம் வைத்திருக்கும் ஒரு ஆச்சி அவளைக் "கிணத்து டொக்டர்" என்று கூப்பிடுவார்.

"டொக்டர் பிள்ளை, என்ரை கிணறு பிழைக்குமோ?"

"பொறுங்கோ ஆச்சி, இந்த மாரியையும் பாத்திட்டுச் சொல்லுறன்."

"நீ சொல்லுறதுக்கிடையிலை நான் போயிடுவன் போல கிடக்கு."

இதை வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லிச் சிரிப்பாள்.

முதலில் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினாள். அது பிடிக்காதவன் நான். கொப்பியிலிருந்து கணினிக்கு மாற்றும்போது பிழை வரும், நேரே போனில் பதி, போனிலிருந்து தானாக வீட்டுக்கு வரச் செய்கிறேன் என்று சொன்னேன். மகன் ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொடுத்து விட்டிருந்தான். இரண்டு தடித்த புத்தகங்களைச் சேர்த்து வைத்த அளவு. உள்ளே இரண்டு டிஸ்க். வீட்டில் உள்ள எல்லாக் கோப்புகளையும் சேர்த்து வைக்கிற பெட்டி. அதன் கைநூலை ஒரு கிழமை இருந்து வாசித்தேன். அதில் ஸ்னாப்ஷொட் என்று ஒன்று இருந்தது. குறித்த நேரத்துக்கு ஒருமுறை பெட்டி தன் நிலையைப் பதிந்து வைத்துக்கொள்ளும். வேண்டும்போது பழைய நிலையைத் திரும்ப எடுக்கலாம்.

எனக்கு அது பிடித்துப்போயிற்று. மகளைக் கூப்பிட்டு முன்னால் இருத்தி, அவளுடைய அளவீடுகள் இருந்த கோப்பை அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தேன். அவள் முகம் வெளிறியது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பிறகு முந்திய ஸ்னாப்ஷொட்டைத் திறந்து கோப்பைத் திருப்பி எடுத்துக் காட்டினேன்.

"பாத்தியோ பிள்ளை? இனி நீ நினைச்சாலும் ஒண்டையும் துலைக்க ஏலாது."

"சொல்லிப்போட்டுச் செய்திருக்கலாமே அப்பா?"

"சொல்லிப்போட்டுச் செய்தால் அது பரிசோதனையோ?"

அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கே நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

ஸ்னாப்ஷொட் என்றால் என்ன என்பதை இப்போது சரியாகச் சொல்ல முடியும். காலம் கடந்து படித்த பாடம். ஒரு வீட்டுக்காரர் ஒரு நாள் "இன்றைக்கு இந்த வீட்டில் இருக்கிற எதையும் எறியக்கூடாது, புதிதாக வருவதை வேறு மூலையில் வையுங்கள்" என்று கட்டளை இடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் அது. இன்னொரு வீட்டில் எதையும் கொண்டுபோய் வைப்பதில்லை. பழையதும் புதியதும் ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கின்றன. கூரை விழுந்தால் இரண்டும் போகும். பழைய நிலையிலிருந்து ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்வது ஒரு வேலை. முழு வீட்டையும் அந்தப் பழைய நாளுக்குத் திருப்புவது வேறு வேலை. அப்படித் திருப்பினால், அந்த நாளுக்குப் பிறகு புதிய மூலையில் வைத்தவை எல்லாம் குப்பைக்குப் போய்விடும். இடையில் இட்ட கட்டளைகளும் அதோடு போகும்.

இதை மகன் எனக்குச் சொன்னான். வாட்ஸ்அப்பில், என் முகத்தைப் பார்த்தே சொன்னான்.

"அப்பா, ஸ்னாப்ஷொட் எண்டது பேக்அப் இல்லை. வேறை ஒரு இடத்திலையும் ஒரு கொப்பி வையுங்கோ. தங்கச்சியின்ரை பள்ளிக்கூடத்திலை எண்டாலும் ஒண்டை வையுங்கோ."

"நீ உங்கை ஸ்னோவை அள்ளு தம்பி. இஞ்சத்தை அலுவலை நான் பாக்கிறன்."

மகளும் கேட்டாள். பல்கலைக்கழகத்தில் பேராசிரியரிடம் ஒரு பிரதி கொடுத்து வைக்கட்டுமா என்று கேட்டாள். என் வீட்டில் இல்லாத பாதுகாப்பு அடுத்தவன் மேசையிலா இருக்கிறது என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன்.

ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்று யோசித்தால் ஒரு பை நினைவுக்கு வருகிறது. இங்கே எங்கள் வயதுக்காரர் உள்ள எந்த வீட்டிலும் அப்படி ஒரு பை இருக்கும். காணி உறுதிப் பத்திரங்கள், பிறப்புச் சாட்சிப்பத்திரங்கள், பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், கலியாணப் படம் ஒன்று. எல்லாம் ஒரே பைக்குள். யுத்த காலத்தில் ஷெல் விழத் தொடங்கினால் சோற்றுப் பானையை விட்டுவிட்டு அதைத்தான் தூக்குவோம். எங்களுடையது மண்ணிறத் தோல்பை. தெல்லிப்பழையிலிருந்து மானிப்பாய்க்கும், பிறகு தென்மராட்சிக்கும், அதற்கப்பாலும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். சாமான்களை அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று பிரித்து வைத்தவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். நான் எதையும் இழக்கவில்லை. அதிலிருந்து என் உடம்பு ஒன்றைப் படித்துக்கொண்டது. முக்கியமானது எதுவாக இருந்தாலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அதன் மேல் என் கை இருக்க வேண்டும். கறுப்புப் பெட்டி எனக்கு இன்னொரு உறுதிப் பை. அது ஓடுகிறவனுக்குச் சரியான பாடம். ஓட்டம் நின்று வருடக்கணக்காயிற்று. நான் மட்டும் நிற்கவில்லை.

இதை ஒரு சாட்டாகச் சொல்கிறேனோ என்று எனக்கே கோபம் வருகிறது. சாட்டு இல்லை. என்னோடு ஓடிய எத்தனையோ பேர் தங்கள் பிள்ளைகளின் உழைப்பை அழிக்கவில்லை.

ஒரு நாள் நில அளவைக்காரர் வந்திருந்தார். எல்லைக் கல் பற்றிய பிரச்சினை. உறுதியை எடுக்க அலுமாரியிலிருந்து அந்தப் பையை எடுத்தேன். அடியில், நகைக்கடையில் தரும் சின்னத் துணிப்பை ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு பென் ட்ரைவ். நான் அதை வைக்கவில்லை. அளவைக்காரர் போனபின் கணினியில் செருகிப் பார்த்தேன். ஊர் ஊராக, கிணறு கிணறாக அவளுடைய கோப்புகள். மாத முடிவு தோறும் எனக்குத் தெரியாமல் ஒரு பிரதி எடுத்து அங்கே வைத்து வந்திருக்கிறாள். அவளும் என் பிள்ளைதானே. ஒளித்து வைக்க அவளுக்கும் அந்தப் பையை விட்டால் வேறு இடம் தோன்றவில்லை.

அதை இருந்த இடத்தில் வைத்திருக்கலாம். அவளிடம் கேட்டிருக்கலாம். நான் அதை முழுவதும் அழித்து, பழைய சினிமாப் பாட்டுகளை ஏற்றிக் காரில் செருகினேன். பெட்டிக்குள் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, இது வீண் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு கிழமை கழியவில்லை. என்னிடம் படித்தவர்களின் சங்கத்தில் எனக்கு ஒரு பாராட்டு விழா ஒழுங்கு செய்திருந்தார்கள். செயலாளர், என் மாணவர், போன் எடுத்தார்.

"சேர், முந்தி பரிசளிப்பு விழாவிலை பேசினீங்களெல்லே, அந்தப் பேச்சை விழா மலரிலை போடுவம். இண்டைக்குத் தந்தீங்களெண்டால் பின்னேரமே அச்சுக்குக் குடுத்திடலாம்."

"பத்து நிமிசம் தம்பி. என்னட்டை இல்லாத கோப்பு கிடையாது."

அந்தப் பேச்சின் மேலேயே வேறொரு பேச்சை எழுதிச் சேமித்திருந்தேன் என்பது தேடும்போதுதான் தெரிந்தது. பரவாயில்லை, ஸ்னாப்ஷொட் இருக்கிறது. பேச்சு எழுதிய காலத்து நிலையைத் தேடினேன். கோப்புறையின் பெயரை நான் இடையில் மாற்றியிருந்ததால் தனிக் கோப்பாக அது கண்ணில் படவில்லை. செயலாளர் மறுபடி போன் எடுத்தார். எரிச்சல் வந்தது. பக்கத்தில் முழுப் பெட்டியையும் அந்த நாளுக்குத் திருப்புகிற பொத்தான் இருந்தது. அழுத்தினேன். ஒரு எச்சரிக்கை வந்தது. இந்த நாளுக்குப் பிந்திய ஸ்னாப்ஷொட்டுகள் நீக்கப்படும், பிந்திய மாற்றங்கள் திரும்பக் கிடைக்கமாட்டா, தொடரவா?

நான் ஆங்கில மொழியில் படித்தவன். அந்த வசனத்தில் எனக்கு விளங்காத சொல் ஒன்றும் இல்லை. ஆனால் அது வேறு யாருக்கோ, கணினி தெரியாத யாருக்கோ எழுதியது என்று நினைத்தேன். மாணவன் வினாத்தாளை வாசிக்காமல் விடை எழுதினால் அவனை எழும்பி நிற்க வைத்தவன் நான்.

பேச்சு கிடைத்தது. அனுப்பினேன். செயலாளர் "நன்றி சேர்" என்றார். அதற்குப் பிறகு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். அந்தத் தேத்தண்ணியை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைய வேண்டும் போல் இருக்கிறது.

போனும் பெட்டியும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தவனும் நான்தான். பெட்டி பழைய நாளுக்குப் போனதும் போனும் கீழ்ப்படிந்து தன்னிடம் இருந்ததை அழித்துக்கொண்டது. மகள் அப்போது ஆச்சியின் கிணற்றடியில் நின்றிருக்கிறாள். கையில் இருந்த போனில் கிணறுகள் ஒவ்வொன்றாக மறைந்திருக்கின்றன.

பொழுதுபடும் நேரம் வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை.

"அப்பா, போனிலை ஒண்டையும் காணேல்லை."

"பெட்டியிலை ஒரு சின்ன வேலை செய்தனான்."

"என்ன வேலை?"

"ஒரு பழைய கோப்பு எடுக்க வேண்டியிருந்தது. பெட்டியைத் திருப்பினன்."

"எந்த நாளுக்கு?"

சொன்னேன். கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் மனதுக்குள் கணக்குப் பார்ப்பது தெரிந்தது. இரண்டு மாரி. நடுவில் ஒரு கொடிய கோடை. அதற்கு முந்தியது கொப்பிகளில் இருந்தது. அதற்குப் பிந்தியது எங்கும் இல்லை. ஆய்வை ஒப்படைப்பதற்குப் பல்கலைக்கழகம் கடைசித் தவணையைக் கொடுத்திருந்த நேரம் அது.

பிறகு அவள் முகம் தெளிந்தது. எழும்பினாள். அப்போதுதான் தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

"பரவாயில்லை அப்பா. நான் பென் ட்ரைவிலை ஒரு கொப்பி எடுத்து வைச்சிருக்கிறன். உங்களிட்டைச் சொல்லேல்லை. கோவியாதேங்கோ."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அவள் அறைக்குள் போனதையும், அலுமாரிக் கதவு கிறீச்சிட்டதையும், உறுதிகள் கட்டிலில் ஒவ்வொன்றாக விழுந்ததையும் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

"அப்பா, பைக்குள்ளை ஒரு பென் ட்ரைவ் கிடந்தது. கண்டனீங்களோ?"

"காரிலை கிடக்கு."

ஓடிப்போய் எடுத்து வந்தாள். கணினியில் போட்டாள். பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள்.

"இதிலை பாட்டுத்தானே கிடக்கு."

"வெறும் பென் ட்ரைவ் எண்டு நினைச்சன் பிள்ளை."

அவள் என்னைப் பார்த்தாள். குசினிக்குள் போய் இரவுச் சாப்பாட்டுக்கு மாக் குழைத்தாள்.

பெட்டியையும் பென் ட்ரைவையும் கொழும்பில் அழிந்த கோப்புகளை மீட்கும் வேலை செய்யும் ஓரிடத்துக்கு அனுப்பினோம். நான் அழித்த இடங்களின் மேல் புதியவை எழுதப்பட்டுவிட்டன என்று சொல்லித் துண்டு துண்டாகச் சிலவற்றைத் திருப்பித் தந்தார்கள். திகதி இல்லாத எண்கள், எந்தக் கிணறு என்று தெரியாத எண்கள். பல்கலைக்கழகம் இன்னொரு தவணை தரவில்லை. கொப்பிகளில் இருந்ததை மட்டும் வைத்து ஒரு சிறிய ஆய்வாக எழுதி, கலாநிதிக்குக் கீழான முதுதத்துவமாணிப் பட்டத்தோடு நின்றுகொண்டாள். ஆச்சி இப்போதும் அவளை டொக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்.

"நான் டொக்டர் இல்லை ஆச்சி."

"கிணத்துக்கு என்ன வருத்தம் எண்டு சொன்னால் நீ டொக்டர்தான்."

"உவர் ஏறுது எண்டு தெரியும். எவ்வளவு கெதியா ஏறுது எண்டு சொல்ல இப்ப என்னட்டை ஒண்டும் இல்லை."

"அப்ப நான் வெங்காயத்தை வைக்கிறதோ விடுறதோ?"

இதையும் அவள்தான் வந்து சொன்னாள். சிரிக்காமல் சொன்னாள்.

ஊரில் எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். கொம்பியூட்டர் பழுதானதுக்கு வயசுபோன நீங்கள் என்ன செய்வியள், மனசை விடாதேங்கோ மாஸ்டர். இந்த இரக்கத்தைக் கேட்டால் எனக்கு உடம்பு எரிகிறது. பாராட்டு விழாவுக்கும் போய் மாலை போட்டுக்கொண்டேன். மலரில் அந்தப் பேச்சு இருக்கிறது. திட்டமிட்டு உழைப்பதைப் பற்றிய பேச்சு அது.

இப்போது அவள் மறுபடி அளக்கத் தொடங்கியிருக்கிறாள். பட்டத்துக்கு இல்லை, ஆச்சிக்காக என்கிறாள். ஒரு பிரதி பள்ளிக்கூடத்தில், ஒன்று பேராசிரியரிடம், ஒன்று அண்ணனிடம். கடவுச்சொல் எனக்குத் தெரியாது. ஒரு நாள் அந்தத் தோல்பையையும் பிரித்தாள். உறுதிகளைப் பிரதி எடுத்து மூன்று வீடுகளுக்குக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் உன்னியது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

இதுவரை எழுதியதை, அச்சுக்குக் கொடுக்க முன் அவளிடம் கொடுத்தேன். பென் ட்ரைவுக்குள் அவளுடைய கோப்புகளைக் கண்டுதான் அழித்தேன் என்பதை அவள் அந்தத் தாளில்தான் முதன்முதலில் அறிந்தாள். அந்த இடத்தில் "கோபத்தில் அழித்துவிட்டேன்" என்று ஒரு வசனம் எழுதியிருந்தேன். நின்றபடியே வாசித்தாள். தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டு, கருவியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு கிணறுகளுக்குப் போனாள். மத்தியானம் தாண்டித்தான் வந்தாள். கை கழுவிக்கொண்டே கதைத்தாள்.

"கோவத்திலை எண்டு எழுதியிருக்கிறியள். அதை வெட்டுங்கோ. கோவம் வந்தால் ஆக்கள் ஏசுவினம். நீங்கள் ஏசேல்லை. உங்களைக் கேளாமல் நான் ஒண்டைச் செய்தது உங்களுக்குப் பிடிக்கேல்லை. அவ்வளவுதான்."

"வெட்டுறன் பிள்ளை."

"மற்றது, காரிலை பாட்டுப் போட்டதை எழுதியிருக்கிறியள். ஆர் கேட்டது எண்டு எழுதேல்லை."

எனக்கு நினைவில்லாமல் இல்லை. அதை மட்டும் விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

அந்த வசனத்தை வெட்டிவிட்டேன். மற்றதையும் எழுதுகிறேன். பென் ட்ரைவை அழித்த அடுத்த சனிக்கிழமை இருவரும் காரில் சுன்னாகம் சந்தைக்குப் போனோம். பாட்டைப் போட்டேன். "நல்ல பாட்டெல்லாம் சேர்த்திருக்கிறியள் அப்பா" என்றாள். யன்னல் கண்ணாடியைக் கீழே இறக்கி, கையை வெளியே வைத்துக்கொண்டு, போகும் வழி முழுக்கக் கூடவே முணுமுணுத்தாள். நான் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டேன்.